ரெண்டுங்கெட்டான் ஆட்டம்

“தாராசுரம் தாண்டிட்டோம்க்கா. முக்கால் மணியில வந்துருவோம்.”

தம்பி தங்கையன் போனில் இதைச் சொன்னதும் சாவித்திரிக்கு வந்துகொண்டிருந்த அழுகை நின்றுவிட்டது. கண்ணாடிப் பெட்டியின் பக்கத்திலிருந்து எழுந்து கொல்லைப்புறம் போனாள். காலையில் புருஷனைப் பறிகொடுத்தவள் எழுந்து போனால் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த ஒரே சலுகை அதுதான். மோட்டார் கொட்டகை ஓரமாக நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“கோடிச் சேலை என்ன எடுத்துருக்கே?”

“நல்ல சேலைதான்க்கா. பச்சையில சின்னக் கரை போட்டது.”

“நூலா, பாலியஸ்டரா?”

“பாலியஸ்டருன்னுதான் நெனக்கிறேன். எதுக்குக்கா இப்ப அது?”

“எனக்கு அது வேண்டாம். கும்பகோணத்துக்குத் திரும்பிப் போயி நூல் சேலையா ஒண்ணு எடுத்துக்கிட்டு வா.”

“வேன் நெறைய ஆளுங்க உக்காந்துருக்காங்கக்கா. திருப்பனந்தாள்லேருந்து வெயில்ல வர்றோம்.”

“உக்காந்துருக்கட்டும். என் புருஷன் செத்ததுக்கு நான் கட்டிக்கப்போற சேலை. நீயா கட்டிக்கப்போறே?”

தங்கையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் போனை வைத்துவிட்டாள்.

பிறந்த வீட்டிலிருந்து கோடி வந்து அவள் மேல் விழாமல் பாடையை யாரும் தொடக்கூடாது. அந்த வழக்கத்தை அவள் ஒருநாளும் மதித்தவளில்லை. ஊரில் ஒவ்வொரு சாவிலும் கோடி வந்ததா, எவ்வளவு உசத்தி என்று உதட்டைப் பிதுக்கும் பெண்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. இன்றைக்கு அந்த வழக்கத்தைத்தான் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. புருஷனின் அண்ணன், பெரியத்தான் சாமிதுரை, நாலு மணிக்கு எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். நார்வேயில் ஓட்டம் தொடங்குவதோ நம் ஊர் நேரத்துக்கு ஐந்து மணிக்கு.

வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளே துப்பியிருப்பாள்.

ஆறு வருஷமாகப் புருஷன் வீரையனுக்கு இந்தப் பைத்தியம். மகள் வானதி வாங்கிக் கொடுத்த போனில் எதையோ தேடப் போய், எதையோ பார்த்துவிட்டார். ஒரு மலை உச்சியிலிருந்து ஒருவன் நீளப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு சறுக்கி வந்து அந்தரத்தில் பாய்கிறான். எவ்வளவு தூரம் போய் விழுகிறான் என்பது கணக்கு. அதோடு விட்டார்களா என்றால் இல்லை. அதே ஆள் வேறு பலகை மாட்டிக்கொண்டு பத்து கிலோமீட்டர் பனியில் ஓட வேண்டும். அதிக தூரம் பாய்ந்தவன் முதலில் கிளம்புவான். மற்றவர்கள் அவரவர் குறைச்சலுக்குத் தக்கபடி பின்னால் புறப்பட்டுத் துரத்த வேண்டும். யார் முதலில் கோட்டைத் தொடுகிறானோ அவன் ஜெயித்தவன்.

“பாய்றவன் பாய்ஞ்சுட்டுப் போவான். ஓடறவன் ஓடுவான். ரெண்டையும் அரையும் குறையுமா செய்யறவனுக்கு ஒரு போட்டியா? சரியான ரெண்டுங்கெட்டான் ஆட்டம்” என்று முதல் நாளே சொன்னாள். அதற்குப் பொருத்தமான ஆள்தான் பார்க்கிறார் என்றும் சொன்னாள். வீரையன் விவசாயமும் உருப்படியாகச் செய்ததில்லை, இடையில் உரக்கடை வைத்து அதையும் உருப்படியாக நடத்தியதில்லை.

சம்பா வயலில் தண்ணீர் நிற்கும்போது ஆரம்பிக்கும் அந்தப் போட்டிகள், அறுப்பு முடிந்து உளுந்து காய்க்கும்போது முடியும். பின்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மனி என்று வாரத்துக்கு ஒரு ஊர். பனி என்றால் மார்கழிப் பனி மட்டும் கண்ட மனுஷன், அதற்கே மப்ளர் கட்டிக்கொண்டு இருமுகிறவர், இந்த ஊர்ப் பனி ஈரம், அந்த ஊர்ப் பனி பொடி என்று பேசுவார். போன தை மாதம் அறுவடை மெஷின் பக்கத்து வயலுக்குள் புகுந்து நாலு சுற்று அறுத்துவிட்டது. இவர் வரப்பில் நின்று ஜெர்மனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயல்காரனிடம் போய் சாவித்திரிதான் பேச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

இதில் அவருக்கென்று ஒரு ஆள். ஏதோ குட்டி நாட்டுக்காரன். பெயர் வாயில் நுழையாததால் ‘நம்ம ஆளு’. ஜெயிக்கிறவர்கள் அத்தனை பேர் இருக்க, ஒருமுறைகூட முதல் மூன்றுக்குள் வந்து மேடை ஏறாதவனைத் தேடிப் பிடித்தார். பாய்ச்சலில் நன்றாகப் பாய்ந்தால் ஓட்டத்தில் மூச்சு வாங்குவான். ஓட்டத்தில் பறந்தால் அன்றைக்குப் பாய்ச்சல் சொதப்பியிருக்கும். இந்த சீசனோடு அவன் விளையாட்டையே விடுகிறான். அவனுக்கு இதுதான் கடைசிப் போட்டி.

காலையில் காபியை வாங்கிக்கொண்டு வீரையன் கடைசியாகப் பேசியதும் அதைத்தான்.

“இன்னிக்கு நம்ம ஆளு மேடை ஏறுறான் பாரு.”

“ஏறிக் கிழிச்சான்.”

“என்ன பந்தயம்?”

அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே ஓடினாள். நறுக்கென்று ஒரு பதில் நாக்கிலேயே இருந்தது. திரும்பி வந்தபோது தம்ளர் தரையில் கிடந்தது. நாற்காலியில் வீரையன் தலை சாய்ந்திருந்தார். நாற்பது வருஷத்தில் ஒரு சண்டையைக்கூட அவர் பாதியில் விட்டுப் போனதில்லை. அழுகைக்கு முன்னால் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

வீட்டு வாசலில் பந்தல் போட்டாயிற்று. கொட்டுக்காரர்கள் ஒரு ஆட்டம் அடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சாமிதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோரையும் அதட்டினார். உயிரோடு இருந்தபோது வீரையனின் வரப்பை வருஷத்துக்கு ஒரு சாண் வெட்டிக்கொண்டவர், இன்று காலையிலிருந்து மூன்று முறை மாரில் அடித்துக்கொண்டுவிட்டார். ஒவ்வொரு முறையும் வெளியூர்க் கார் வந்து நின்ற நேரம் பார்த்து.

“ஒன் தம்பி எங்கதான் வர்றான்?” என்றார்.

“கும்பகோணத்துல நிக்கிறான், பெரியத்தான்.”

“அப்பவே தாராசுரம் தாண்டிட்டதா சொன்னாங்க?”

“நான்தான் திரும்பிப் போவச் சொன்னேன். சேலை புடிக்கல.”

சுற்றி இருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

“புருஷன் பொணமாக் கெடக்கான். இவளுக்குச் சேலையில என்ன வேண்டிக்கெடக்கு” என்று பின்னாலிருந்து ஒரு குரல், கேட்கட்டும் என்றே சொன்னது. சாவித்திரி திரும்பிப் பார்க்கவில்லை. சொன்னவள் தன் மாமியார் செத்த அன்று கோழிக்குழம்பு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தவள்.

மகள் வானதி அவள் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப் போனாள். திருச்சியில் ஒரு பேங்கில் வேலை பார்க்கிறவள். காலையிலிருந்து அழுது முகம் வீங்கியிருந்தது.

“என்னம்மா இது? மாமாவை ஏன் இப்படி அலைய விடறே? ஊரே சிரிக்குது.”

சாவித்திரி மடியிலிருந்து வீரையனின் போனை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

“பாய்ச்சல் முடிஞ்சுருக்கும். உங்கப்பாவோட ஆளு எத்தனாவதுன்னு பாரு. எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியல.”

வானதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தவள்போலப் பார்த்தாள்.

“இதுக்காகவா?”

“பாருடி.”

“அம்மா, நீதான் அந்தக் கருமத்த நிறுத்துங்கன்னு தெனம் கத்துவே.”

“கத்துனேன். இப்பவும் கத்துவேன். பந்தயம்னு கேட்டுட்டுப் பதில் வாங்காம போயிட்டாரு. முடிவு தெரியாம அனுப்ப முடியாது.”

வானதி போனைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போனாள். “ஆறாவது” என்றாள் கொஞ்சம் கழித்து. பிறகு, அவளை அறியாமல், “பரவாயில்லையே” என்றாள்.

ஆறாவது. அவன் இவ்வளவு நன்றாகப் பாய்ந்து சாவித்திரி பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்றால், வீரையன் பார்க்கும்போது பின்னால் நின்று திட்டிக்கொண்டே பார்த்ததில்லை.

“ஓட்டத்த நீ பாரு. முடிஞ்சதும் வந்து என் காதுல சொல்லு” என்றாள்.

வீரையனைப் பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டினார்கள். ஆற்றில் மணல்தான் கிடந்தது. மோட்டாரைப் போட்டு, அந்தத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, ஆற்றிலிருந்து கொண்டுவருவதுபோலக் கொட்டு முழங்கக் கொண்டுவந்தார்கள். சாவித்திரிக்கு இந்த நாடகமும் இன்று பிடித்திருந்தது. எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நல்லது.

கோடி வந்து சேர்ந்தபோது ஐந்தே கால் ஆகிவிட்டது. தங்கையன் முகம் கடுகடுவென்று இருந்தது. தட்டில் சேலையை வைத்து நீட்டினான். நீலத்தில் நூல் சேலை. விலை கூடுதலாகவே இருக்கும்.

“போதுமாக்கா? இல்ல, காஞ்சிபுரம் போவணுமா?”

வானதி உள்ளறையிலிருந்து வரவில்லை. பெண்கள் சேலையைப் பிரித்து அவள் தோளில் போடக் கையை நீட்டினார்கள். சாவித்திரி அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

“கிழிசல் இருக்கான்னு பாத்துக்கறேன்” என்றாள்.

தலைப்பிலிருந்து தொடங்கினாள். ஒரு முழம் விரித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கரையை விரலால் தடவி, மடியில் போட்டுக்கொண்டு அடுத்த முழத்தை எடுத்தாள். கொட்டு நின்றது. ஒப்பாரி நின்றது. சாமிதுரை “அடச் சீ” என்று தலையில் அடித்துக்கொண்டார். இந்த முறை உண்மையாகவே அடித்துக்கொண்டார். தங்கையன் கண்ணில் தண்ணீர் நின்றது. நாலு பேர் நடுவில் அக்காவே தன்னை இப்படிக் கேவலப்படுத்துவாள் என்று அவன் நினைத்திருக்க மாட்டான். அவனிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். சொன்னாலும் அவனுக்குப் புரியாது. அடுத்த முழத்தை விரித்தாள்.

மறுமுனை வரை வந்து, இனிப் பார்க்கச் சேலை இல்லை என்றபோது வானதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அம்மாவின் தோள்மேல் கைபோட்டு, கட்டிக்கொண்டு அழுவதுபோலக் காதருகே குனிந்தாள். வேகமாக நாலு வார்த்தை சொன்னாள். பெண்கள் அதைப் பார்த்து ஒப்பாரியை மறுபடி எடுத்தார்கள்.

“சேலை நல்லாத்தான் இருக்கு” என்றாள் சாவித்திரி. “போடுங்க.”

கோடி விழுந்தது. வாய்க்கரிசி போட அவளைப் பாடையருகே கூட்டிப்போனார்கள். கைப்பிடி அரிசியோடு குனிந்தாள். நெற்றி நிறைய விபூதி பூசி, தாடையை வேட்டிக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். சந்தனம் பூசிய காதுக்குள் வாயை வைத்தாள்.

“நாலாவதுங்க. கடைசி மேட்டுல மூணாவதாத்தான் வந்துக்கிட்டு இருந்தானாம். கோட்டுக்கிட்ட வரும்போது ஒருத்தன் தாண்டிட்டான். ஒரு பலகை நீளந்தானாம் வித்தியாசம். நான்தான் ஜெயிச்சேன். சொன்னேனா இல்லையா?”

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பி, தன் காதை அவர் வாயருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

“அரிசியப் போடும்மா, பொழுது சாயுது” என்றார் சாமிதுரை.

“இருங்க” என்றாள் அவள், நிமிராமலே.