குப்பியின் அடியில் ஒட்டியிருந்தவை

“எந்த மருந்துக்கும் சாகலக்கா,” என்று குங் சோதனை முடிவை நீட்டியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாய்லாந்தின் கோன் கேன் நகரில் எங்கள் சோதனைக்கூடத்துக்கு நான்தான் தலைமை. செல் வளர்ப்பது குங்கின் வேலை. பிம்சாயின் முழங்கால் எலும்பிலிருந்த புற்றுக்கட்டியின் செல்களை வளர்த்து, அவற்றின்மேல் மருந்துகளை ஊற்றிப் பார்த்திருந்தோம். பிம்சாய் தக்ரோ ஆடுகிறவள், பிரம்புப் பந்தைத் தலைக்கு மேலே எகிறி உதைப்பவள். கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை. நாங்களும் கைவிரித்தால் வெள்ளிக்கிழமை அவள் கால் போய்விடும்.

“வாசல் சாமிக்குச் சிவப்பு சோடா வைக்க மறந்துட்டேன். அதான் இப்படி,” என்றாள் குங்.

“ஆமா, சாமிதான் வந்து தட்டுல மருந்து ஊத்துது! நகருடி.”

நுண்நோக்கியில் குனிந்தேன். செல்கள் வாரிவிட்ட தலைமுடி மாதிரி ஒரே வாக்கில் படுத்திருந்தன. புற்றுநோய்க்கு ஏது இத்தனை ஒழுங்கு?

“எதை எடுத்து வளர்த்தே?”

“குப்பியில முதல்ல கழண்டு வந்ததைத்தான். கிடுகிடுன்னு வளர்ந்துச்சுக்கா, பார்க்கவே அழகா...”

“அழகாம் அழகு! கட்டியோட சேர்ந்து வந்த நல்ல சதைச் செல்லுடி இது. எலும்புச் செல்னா சாயம் பிடிக்கும். போட்டுப் பாரு.”

சாயம் பிடிக்கவில்லை. குங் அழுதேவிட்டாள்.

“அழுதது போதும். அந்தக் குப்பியக் கடாசிட்டியா?”

“எதையுமே கடாச மாட்டேங்கிறேன்னு நீங்கதானே திட்டுவீங்க,” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே எடுத்துவந்தாள். அடியில் கோணல்மாணலாக ஒரு கூட்டம் பிடிவாதமாக ஒட்டியிருந்தது. கொஞ்சம் சுரண்டிச் சாயம் போட்டோம். பளிச்சென்று ஊதா ஏறியது.

அறுவை டாக்டர் தனேத்தைக் கூப்பிட்டேன். “கத்தியக் கீழ வைங்க. நாங்க சோதிச்சது அவ நோயையே இல்ல.”

“விளையாடுறீங்களாக்கா? கட்டி வளருதே!”

“ரெண்டே வாரம். அப்புறம் என்னை என்ன வேணாத் திட்டுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

ஒட்டியிருந்த செல்களை வளர்த்து, தட்டின் குழிகளில் பிரித்து, மறுபடி மருந்துகளை ஊற்றினோம். இந்த முறை ஒரு மருந்து விழுந்த குழிகளில் மட்டும் செல்கள் உருண்டு, சுருங்கி, மிதந்தன. செத்து மிதந்தன! நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்தார்கள். அதே மருந்தை பிம்சாய்க்கு ஏற்றினார்கள், கட்டி சுருங்கியது. தனேத் கட்டியை மட்டும் எடுத்து உலோக மூட்டு வைத்தார். கால் தங்கியது.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் கதவு திறந்தது. கையில் சிவப்பு சோடா பாட்டில்களோடு பிம்சாய் மூச்சு வாங்க நின்றாள்.

“மூணு மாடி ஏறியா வந்தே? லிஃப்ட் இருக்கேடி!”

“கால் இருக்கேக்கா!”

சாமிக்கு வைக்கக்கூடப் பொறுக்காமல் ஒரு பாட்டிலைத் திறந்து, அழுதுகொண்டே குடித்தேன்.