மாட்டியவர்தான் கழற்ற வேண்டும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவளுக்கு வலது கால் சும்மா இருக்காது. கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து மிதித்தே பிழைப்பவள் நம் டீச்சர். மாமியார் மாடிப்படி கொஞ்சம் வேகமாக இறங்கினாலும் அவள் கால் தரையை அழுத்தும். அது போகட்டும், பழக்கதோஷம். கட்டினவர் அடுப்படியில் நிற்கும்போதும் அழுத்தினால்? அங்கேதான் வந்தது வினை.

கட்டினவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். லிஃப்ட்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். இருவரும் வேலை முடிந்து வந்து, கடைச் சாப்பாட்டை டப்பாவோடு தின்றுவிட்டு, துவைத்த துணி மலையைச் சோபாவின் ஒரு ஓரத்துக்குத் தள்ளி மறு ஓரத்தில் ஒண்டிக்கொண்டு குடித்தனம் நடத்தினார்கள். குடித்தனமாம், குடித்தனம்! ஒருநாள் அலமாரியைத் திறந்ததும் சேர்ந்துபோன காலி டப்பாக்கள் மளமளவென்று லிஃப்ட்காரர் தலையில் கொட்டின. "போதும்டா சாமி" என்றார் தலையைத் தடவிக்கொண்டே. இனி வீட்டைத் துப்புரவாக வைத்து, வீட்டிலேயே ஆக்கித் தின்பது என்று முடிவாயிற்று.

முடிவு செய்தால் ஆயிற்றா? அவர் வெங்காயம் வதக்கினால் டீச்சர் கை நீண்டு தீயைக் குறைக்கும். அவர் உப்பு போட்டால் பின்னாலேயே போய் இன்னொரு சிட்டிகை போடும். அவர் கிளறினால், "மெதுவா, மெதுவா, லெஃப்ட்ல வாங்க" என்று வாய் வேறு. மனிதர் எத்தனை நாள் பொறுப்பார்? கரண்டியை டங்கென்று வைத்தார்.

"இது நான் சமைக்கறதா, நீ சமைக்கறதா? இன்னொரு தடவை கை வெச்சே, நான் இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்கமாட்டேன்!"

டீச்சருக்குத் திக்கென்றது. அவர் பக்கத்தில் நின்று பூண்டு உரித்தபடி கதை பேசும் அந்த நேரத்தை அவள் நாள் முழுக்க எதிர்பார்த்துக் கிடந்தாள். அவர் போய்விட்டால் மறுபடி டப்பா, மறுபடி சோபா ஓரம். வேண்டவே வேண்டாம் அந்தப் பிழைப்பு.

மறுநாள் லிஃப்ட்காரர் வேலையிடத்திலிருந்து இரண்டு சிவப்புத் தகர போர்டுகளைக் கொண்டுவந்தார். 'வேலை நடக்கிறது. தொடாதீர்கள்' என்று எழுதியிருந்தது.

"இத மாட்டினா உள்ள ஆள் இருக்கான்னு அர்த்தம். மாட்டினவன்தான் கழட்டணும். முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. சம்மதமா?"

"சத்தியமா தொடமாட்டேன்" என்றாள் டீச்சர்.

நம்பமாட்டீர்கள், வீடு மாறியது. துணி மலைமேல் போர்டை மாட்டிய டீச்சர், அதைக் கழற்றும் ஆசையிலேயே அத்தனையையும் மடித்து முடித்தாள். லிஃப்ட்காரர் குளியலறையைப் பளிச்சென்று கழுவிவிட்டு, கதவில் மாட்டிய போர்டைக் கழற்ற மறந்து வேலைக்குப் போய்விட்டார். டீச்சர் துண்டும் சோப்புமாக எதிர்வீட்டு அக்கா வீட்டில் போய்க் குளித்துவிட்டு வந்தாள். கதவு என்னவோ திறந்துதான் கிடந்தது. அதனால் என்ன? கொடுத்த வாக்கு என்று ஒன்று இல்லையா!

ஞாயிற்றுக்கிழமை வந்தது. லிஃப்ட்காரர் முதன்முதலாகத் தனியாகச் சமைக்கப் போகிறார். அடுப்புத் திருகில் போர்டைத் தொங்கவிட்டார். அரிசி, காய்கறி, தண்ணீர் எல்லாம் ஒரே பானையில் விழுந்தன. டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். உப்பு டப்பா பக்கம் அவர் கை போகவே இல்லை. சொல்லிவிடலாமா? வார்த்தை நுனிநாக்குவரை வந்தது, விழுங்கினாள். பானையை மூடினார். தீ பானையைச் சுற்றி ஏறி நின்றது. அதையும் விழுங்கினாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா கீழே கூச்சல் கேட்கவேண்டும்? அவர்கள் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டே பாதியில் நின்றுவிட்டது, உள்ளே யாரோ மாட்டிக்கொண்டார்கள். "இதோ வந்துடறேன்!" என்று லிஃப்ட்காரர் ஓடினார்.

போனவர் போனவர்தான். பானை முதலில் கொதித்தது, பிறகு சீறியது, பிறகு மௌனமாகிவிட்டது. சமைக்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மௌனம்தான் ஆபத்து. டீச்சர் அவர் ஃபோனுக்கு அடித்தாள். உப்பு டப்பாவின் மேலிருந்து அது கணகணவென்று பாடியது. படிக்கட்டில் தலையை நீட்டி, "ஏங்க, கருகுதுங்க!" என்று கத்தினாள். லிஃப்டுக்குள் இருந்தவர் போட்ட சத்தத்தில் இவள் சத்தம் எடுபடவில்லை.

வாசனை பிடித்து எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தாள்.

"ஏம்மா, என்ன தீயுது?"

"சோறுக்கா."

"நின்னு வேடிக்கை பாக்கற? அணைக்கறதுக்கென்ன?"

"போர்டு தொங்குதேக்கா!"

அக்கா கையை நீட்டினாள். டீச்சர் குறுக்கே பாய்ந்தாள். "தொடாதீங்கக்கா! அவர் போயிடுவாரு!"

"எங்க போயிடுவாரு? கீழதானே இருக்காரு!"

"சமையலறைய விட்டுக்கா!"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். புகை கண்ணைக் கரித்தது. டீச்சருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. வலது கால் தரையை அழுத்திய அழுத்தில் வீட்டுச் செருப்பின் வார் பட்டென்று அறுந்தது. குனிந்து செருப்பைப் பார்த்தவள், மேடைக்கு அடியில் இருந்த கேஸ் சிலிண்டரையும் பார்த்தாள். போர்டு அடுப்பில்தானே தொங்குகிறது? சிலிண்டரில் இல்லையே! ஓட்டுகிறவர் பக்கம் ஒரு பிரேக் என்றால் இந்தப் பக்கமும் ஒன்று உண்டு. உட்கார்ந்து திருகினாள். தீ அடங்கியது.

கை முழுக்க கிரீஸோடு லிஃப்ட்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார். தீ இல்லை, ஆனால் அடுப்புத் திருகு அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. போர்டும் தொங்கியது.

"தொட்டியா?"

"அடுப்பைத் தொடல. சிலிண்டரைத்தான்..."

"சத்தியமா தொடல தம்பி" என்றாள் அக்கா. "என்னையும் தொட விடல. நல்லா சேர்ந்தீங்கப்பா ரெண்டு பேரும்!" சிரித்தபடியே வீட்டுக்குப் போனாள்.

லிஃப்ட்காரர் கையைக் கழுவி, போர்டைக் கழற்றினார். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை, மூடியைத் தூக்கி விரலைச் சுட்டுக்கொண்டார். அடி கரி, மேலே சோறு. ஆளுக்குக் கொஞ்சம் பரிமாறி ஒரு வாய் போட்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"உப்பே இல்ல."

"ம்."

"நான் போடாதத நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்றதுக்கென்ன?"

"போர்டு இருந்துச்சே" என்றாள் டீச்சர், மென்றுகொண்டே.

அவர் உப்பு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார். "இப்ப போடு. போர்டைக் கழட்டியாச்சு."

அவர் தட்டில் ஒரு சிட்டிகை, தன் தட்டில் ஒரு சிட்டிகை தூவினாள். தட்டு காலியானதும் நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் வைங்க."

அவர் வைக்கவில்லை. குனிந்து மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"என்ன தேடுறீங்க?"

"உன் கால."

அடியில் அறுந்த செருப்பு மட்டும் கிடந்தது. கால்கள் இரண்டும் நாற்காலிமேல் சம்மணம் போட்டு நிம்மதியாக இருந்தன. லிஃப்ட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பூரித்துப்போய்ப் பானையை அடிவரை சுரண்டி, கரியோடு சேர்த்து அவள் தட்டில் குவித்தார். டீச்சர் பிரேக் போடவில்லை.