பின்னாடி நின்னு பாரு

திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் படகு புரொப்பல்லர் செய்கிற மணவாளனின் பட்டறையில் டில்லிபாபுவுக்கு ஒரு மேலதிகாரி வாய்த்திருந்தாள். பெயர் யுவராணி. வீட்டிலும் அவள்தான் மேலதிகாரி, கட்டிய பெண்டாட்டி. மூன்று மாதம் முன்பு வரை பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவளை, "செக்கிங்ல உக்கார வெச்சுப் பாக்குறேன்" என்றார் முதலாளி. ஒரு தப்பு வெளியே போனால் மறுபடி பாலிஷ் என்று அர்த்தம். அவள் பாஸ் செய்ததில் இரும்பு அச்சால் எழுத்தைப் பஞ்ச் அடித்து அனுப்புவது டில்லிபாபுவின் வேலை.

இந்த முறை வந்தது இரட்டை இன்ஜின் படகுக்கு ஆர்டர். இரண்டு புரொப்பல்லரும் ஒரே பக்கம் சுற்றினால் படகு கோணலாக இழுக்கும். அதனால் ஒன்று வலப்பக்கம் சுற்ற வேண்டும், இன்னொன்று இடப்பக்கம். அதுவரை எல்லாமே ஒரே பக்கம் சுற்றுகிற சாதியாக இருந்ததால் பக்கம் எழுத வேண்டிய தேவையே பட்டறையில் வந்ததில்லை. டில்லிபாபு இரண்டையும் மேஜைமேல் வைத்து, படகைப் பார்க்கிற முன்பக்கத்தில் நின்று, கையால் சுற்றிப் பார்த்து, ஒன்றில் 'வலது' என்றும் மற்றதில் 'இடது' என்றும் அடித்தான். ரொம்ப சந்தோஷமாகவே அடித்தான்.

"மாத்தி அட்ச்சிகீற," என்றாள் யுவராணி.

"இன்னா மாத்தி? கண்ணு நல்லாத்தான் தெரியுது எனக்கு."

"படகுக்குப் பின்னாடி நின்னு பாக்கணும்யா. கோயில்ல பூசாரி கற்பூரத்த வலமா சுத்துறாரு. அவரு பின்னாடி நிக்கிற நமக்கும் அது வலம்தான். எதுர்ல கீற சாமிக்கு இடம். நீ இன்னாடான்னா சாமி எடத்துல போய் நின்னுகினு கீற!"

பட்டறையே சிரித்தது. அங்கேதான் வந்தது வினை. தனியாகச் சொல்லியிருந்தால் அவன் ஒருவேளை கேட்டிருப்பான். (கேட்டிருக்க மாட்டான். ஆனால் அவன் அப்படித்தான் நம்பினான்.) "அழிச்சிட்டு அடி" என்று அவள் சொல்லச் சொல்ல, அவளுடைய பாஸ் சீட்டோடு சேர்த்துப் பெட்டியை மூடி ஆணி அடித்து டெம்போவில் ஏற்றிவிட்டான். முதலாளியிடம் புருஷனைப் போட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆனால் இரண்டு நாளாக அவனோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை. டிபன் பாக்ஸைத் திறந்தால் இரண்டு நாளும் வெறும் ரசம்.

மூன்றாம் நாள், நசரத்பேட்டையில் ராகவனின் படகுக் கொட்டகைக்கு டிரையல் பார்க்கப் போனான் டில்லிபாபு. கொட்டகைக்குப் பின்னால் பழைய செங்கல் சூளைப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும். அதுதான் அவர்களுடைய கடல். கரையில் இருந்த டில்லிபாபுவுக்கு முதுகைக் காட்டிப் படகு தண்ணீரில் நின்றது. ராகவன் ஏறி, இரண்டு இன்ஜினையும் கிளப்பி, கியரை முன்னால் தள்ளினார்.

படகு பின்னால் வந்தது. ராகவன் இன்னும் கொஞ்சம் முறுக்கினார். படகு இன்னும் மரியாதையாகப் பின்னால் வந்து, டில்லிபாபுவின் புதுச் சட்டையில் சேற்றுத் தண்ணீரை வாரி அடித்துவிட்டு, கரையில் இடித்து நின்றது.

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவன் அவள் சொன்னபடி பின்னாடி நின்று பார்த்தான். நன்றாகவே புரிந்தது.

ராகவன் அதற்குள் மணவாளனுக்குப் போன் போட்டுவிட்டார். "இன்னா சார், படகு ரிவர்ஸ்ல போவுது? யாரு சார் உங்க செக்கிங்? சீட்டுல யுவராணின்னு கீது."

"அந்தப் பொண்ணா? இன்னியோட பாலிஷுக்கே அனுப்பிடறேன் சார்," என்றது போன்.

டில்லிபாபுவுக்குச் சுருக்கென்றது. வாயைத் திறக்காமல் இருந்தால் அவன் மானம் காற்றில் போகாது. அந்த நினைப்பு வந்ததற்கே அவனுக்கு வெட்கமாகிவிட்டது. ராகவன் கையிலிருந்து போனைப் பிடுங்காத குறையாக வாங்கினான்.

"சார், டில்லி பேசறேன். அவ பாஸ் பண்ணது கரெக்ட்டு. பஞ்ச் அட்ச்சது நானு. மாத்தி அட்ச்சிகீறன்னு அவ அப்பவே சொன்னா, நான்தான் கேக்கல. ரெண்டையும் எடம் மாத்திப் போட்டா ஓடும் சார்."

"ஓட்டிட்டுப் பேசு," என்றார் மணவாளன்.

இன்ஜின்களைத் தண்ணீரிலிருந்து தூக்கி, புரொப்பல்லர்களைக் கழற்றி இடம் மாற்றி மாட்ட அரைமணி நேரம் ஆனது. படகு பள்ளத்தின் அந்தக் கரை வரை நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது. டில்லிபாபு திரும்பப் போன் போட்டான்.

"சரி, அந்தப் பொண்ணு செக்கிங்லயே இருக்கட்டும்," என்றார் மணவாளன். "எங்கிட்ட சொன்னத அதுகிட்டயும் சொல்லு. இந்தாம்மா, உன் ஊட்டுக்காரரு."

டில்லிபாபு ராகவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, "நீ சொன்னதுதான் கரெக்ட்டு. தப்பு எம்மேலதான்," என்று முணுமுணுத்தான்.

"இன்னாது? மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலய்யா. இன்னொரு தபா சொல்லு."

மணி ஒன்றேகால். பட்டறையில் சாப்பாட்டு நேரம், ஒரு மெஷினும் ஓடாது. அது டில்லிபாபுவுக்கும் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு, ராகவனுக்கும் கேட்கும்படி, இன்னொரு தபா சத்தமாகச் சொன்னான்.