பாதியில் இறங்கும் டிக்கெட்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து வந்தது. பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அழைப்பு மொத்தமே ஒன்றரை நிமிடம்.

அப்போது நான் விமான டிக்கெட் விற்கும் ஒரு நிறுவனத்தின் உதவி எண்ணில் வேலை பார்த்தேன். ராத்திரி வேலை. கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் எடுத்ததும் திட்டுவார்கள், மீதிப் பேர் பெயரைச் சொல்லிவிட்டுத் திட்டுவார்கள். அன்றைக்குக் கூப்பிட்ட பெண்மணி திட்டவில்லை. பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள் போல, குரலை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"சார், இந்த டிக்கெட்ல கடைசியா ஒரு ஊர் போட்டிருக்கு. அந்த ஊருக்கு நான் போலாமா?"

"டிக்கெட் உங்க பேர்லதானேம்மா இருக்கு?"

"ஆமா."

"அப்ப தாராளமா போலாம்."

"யாரையும் கேக்க வேணாமா?"

"வேணாம்மா."

"சரி," என்று வைத்துவிட்டார்.

இரண்டு வாரத்தில் நான் வேலையை விட்டுவிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சம்பந்தம் இருப்பதாகச் சொன்னால் கதைக்கு நல்லது. ஆனாலும் இல்லை. அந்தக் கேள்வி மட்டும்தான் நிஜம். கீழே வருகிறதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரிக்கு மூன்று நாள் ஆனது.

"விமான நிலையத்தின் கண்ணாடிச் சுவரில் இளவெயில் பொன் தகடாய்..." வேண்டாம். வெயில் வெயிலாகவே இருக்கட்டும்.

"வாழ்க்கை என்னும் நெடும்பயணத்தில்..." இதை எழுதிய கைக்கு ஒரு நாள் விடுமுறை கொடுத்தேன்.

"சொந்தபந்தம் எல்லோரும் அவரை ஆஃபர் என்றுதான் கூப்பிடுவார்கள்."

இது நிற்கும். இதிலிருந்தே போகலாம்.

3

சொந்தபந்தம் எல்லோரும் அவரை ஆஃபர் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஆஃபர் மாமா. தொழில், ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர். அலுவலகம் அலுவலகமாகப் போய், காகிதம் சிக்கிய மெஷினின் வயிற்றைத் திறந்து மூடுவார். மெஷின் சூடாகிற நேரத்தில் போனை எடுத்து டிக்கெட் விலை பார்ப்பார். வாங்குவதற்கென்று இல்லை. சிலர் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதில்லையா, அப்படி.

யாருக்கு டிக்கெட் வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். காலையில் காட்டும் விலையை அவர் நம்பமாட்டார், மதியம் ஒருமுறை பார்ப்பார். தன் போனில் பார்த்ததை மனைவியின் போனில் சரிபார்ப்பார். சீட்டைத் தேர்ந்தெடுக்கத் தனிக் காசு என்றால் தேர்ந்தெடுக்கமாட்டார், கம்ப்யூட்டர் எங்கே போடுகிறதோ அங்கே உட்கார்வார். அதனால் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் விமானத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே கிடையாது. ஒருமுறை அவள் தோளில் யாரோ ஒரு சிமென்ட் வியாபாரி ஊர் வந்து சேரும்வரை தூங்கினார்.

அவருடைய தலையாய விதி ஒன்று உண்டு. தங்குவதற்குக் காசு கொடுக்கக் கூடாது. ஆகவே சொந்தக்காரர் இருக்கிற ஊருக்குத்தான் போவார்கள். பெரிய மாமா வீடு, சித்தி வீடு, மறுபடி பெரிய மாமா வீடு. நாலு வருடமாகத் தம்பி வீடு. அங்கே விரித்தால் கட்டிலாகும் ஒரு சோபா இருக்கிறது. அதன் நடுவில் ஓடும் இரும்புக் கம்பி சரியாக இடுப்பில் வந்து நிற்கும்.

(இங்கே சிக்கனத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். கட்டுரை வாடை அடித்தது. எடுத்துவிட்டேன். சாரம் இதுதான்: மிச்சப்படுத்துகிறவன் எப்போதும் எதையோ செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறான், பெரும்பாலும் அது அடுத்தவருடையது. பாருங்கள், இது இப்போதும் வாடை அடிக்கிறது.)

4

மனைவியிடம்தான் எனக்குத் தகராறு.

முதல் வரைவில் அவளை அழ வைத்தேன். ஜன்னலோரம் நின்று, புடவைத் தலைப்பால்... அதற்கு மேல் ஓடவில்லை. அவள் பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருப்பவள். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்கிறவள். கன்னம் வீங்கி வருகிறவர்களை முறைப்படி வரிசையில் உட்கார வைக்கத் தெரிந்தவள் ஜன்னலோரம் எதற்கு நிற்கப்போகிறாள்?

இரண்டாவது வரைவில் சண்டைக்காரியாக்கினேன். அதுவும் ஒட்டவில்லை. கடைசியில் அவளை அவள் வேலை செய்யும் மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்தேன். டிக்கெட்டைப் பிரின்ட் எடுத்துக்கொண்டிருந்தாள்.

தம்பி வீட்டுக்குப் போனால் அவளுக்கு என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் ஓரகத்தி சிரித்துக்கொண்டே, "அக்கா, உங்களுக்குன்னு தனி டவல் எடுத்து வச்சிருக்கேன்," என்பாள். நல்லவள்தான். அடுத்த நாள் காலை, "அக்கா, நீங்க வெங்காயம் நறுக்கினா தனி அழகு," என்பாள். அன்றிலிருந்து வெங்காயம், பாத்திரம், காயப்போட்ட துணி. இலவசமாகத் தங்குகிறோமே என்று இவளும் செய்வாள். ஆஃபர் தம்பியின் பிரின்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருப்பார். திரும்பி வந்ததும் எல்லோரிடமும் சொல்வார்: "நாலு நாள், ஓட்டல் செலவு சுத்தமா கிடையாது!"

5

இந்த வருடம் தம்பி ஊருக்கு நேர் டிக்கெட் விலை ஏறிப்போனது. ஆஃபர் பதினோரு நாள் தூக்கம் கெட்டார். பிறகு கண்டுபிடித்தார்.

"இங்க வா, இங்க வா! இதப் பாரு."

"என்ன?"

"தம்பி ஊருக்கு ஒரு ரேட்டு. தம்பி ஊர் வழியா அதுக்கு அடுத்த ஊருக்குப் போற டிக்கெட் அதுல பாதி!"

"தூரம் ஜாஸ்தி, காசு கம்மியா?"

"அதான் சூட்சுமமே! கடைசி ஊருக்கு டிக்கெட் எடுக்கிறோம், நடுவுல தம்பி ஊர்ல ஃப்ளைட் மாறச் சொல்லுவான். நாம மாறாம வெளிய வந்துடறோம். திரும்பி வர்றதுக்குத் தம்பி ஊர்லேர்ந்து தனி டிக்கெட்."*

"அப்ப மிச்ச தூரத்துக்குக் குடுத்த காசு?"

"அது காசே இல்லம்மா. அது... எப்படிச் சொல்றது... அந்த ஊர் நமக்கு வெறும் பேரு."

*கம்பெனிகளுக்கு இந்த வித்தை பிடிக்காது. அதோடு இதில் ஒரு நிபந்தனை: பெட்டியை விமானத்தில் ஏற்றக் கூடாது, ஏற்றினால் பெட்டி கடைசி ஊருக்குப் போய்விடும். கையில் பிடிக்கிற பைதான். என் பழைய வேலையில் இப்படிப் பெட்டியைத் தொலைத்துவிட்டு எங்களைத் திட்டியவர்கள் ஏராளம்.

வெறும் பேர் என்று அவர் சொன்ன ஊரை அவள் அடுத்த நாள் ஆஸ்பத்திரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பார்த்தாள். கடல் இருக்கிறது என்று எழுதினேன். அடித்தேன். பெரிய பாலம்? அதையும் அடித்தேன். அந்த ஊரில் அவளைப் பிடித்து நிறுத்தியது என்ன என்று எனக்கு இரண்டு நாள் பிடிபடவில்லை. ஒன்றுமே விசேஷமில்லாத ஊர். ஒரு ஆறு, ஆற்றோரம் நடக்க ஒரு பாதை, மர பெஞ்சுகள். அவள் போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த நர்ஸிடம் சொன்னாள்: "இந்த ஊர்ல எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது."

குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. லாட்டரி அடித்தவள் மாதிரி சொன்னாள்.

6

கிளம்பும் நாள் காலை. ஆஃபர் தன் பையின் எடையைக் குறைக்க மூன்று சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தார்.

"வேர்க்கலையா உங்களுக்கு?"

"வேர்வைக்கு எடை போடமாட்டான்."

வரிசையில் நின்றார்கள். வழக்கம்போல் கம்ப்யூட்டர் அவளுக்கு எட்டாவது வரிசையும் அவருக்கு முப்பத்தொன்றாவது வரிசையும் போட்டது. கவுன்டரில் இருந்த பெண் ஆளுக்கு இரண்டு போர்டிங் பாஸ் கொடுத்தாள். தம்பி ஊரிலிருந்து கடைசி ஊருக்குப் போகிற இரண்டாவது பாஸ்கள் இரண்டையும் ஆஃபர் மடித்துக்கொண்டு குப்பைத்தொட்டிப் பக்கம் நடந்தார்.

"ஏங்க, அதக் குடுங்க."

"எதுக்கு?"

"சும்மா. வீட்டுச் சாமான் லிஸ்ட் எழுத."

சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். பின்பக்கம் வெற்றுத்தாளாக இருக்கிற எதையும் அவள் வீணாக்குவதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

7

எட்டாவது வரிசை முதலில் இறங்கும், முப்பத்தொன்று கடைசியில் இறங்கும். தம்பி ஊரில் ஆஃபர் வெளியே வந்தபோது அவள் நூறடி முன்னால் நடந்துகொண்டிருந்தாள். இடது பக்கம் அம்புக்குறி போட்டு வெளியே போகும் வழி. வலது பக்கம் விமானம் மாறுகிறவர்களுக்கு. அவள் வலது பக்கம் திரும்பினாள்.

"ஏய்! அந்தப் பக்கம் இல்ல!"

மூன்று சட்டையோடு ஓடுவது எளிதல்ல. மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தார்.

"வழி இந்தப் பக்கம்மா."

"தெரியும். நான் கடைசி ஊருக்குப் போறேன்."

"எந்த... அங்க எதுக்கு?"

"டிக்கெட் இருக்கு. காசு குடுத்திருக்கோம். பாதியில எறங்கினா நஷ்டம்தானே?"

அவருடைய கணக்கை அவரிடமே யாரும் இதுவரை இப்படித் திருப்பிக் கொடுத்ததில்லை.

"தம்பி வெளிய நிக்கிறான்."

"நிக்கட்டும். நீங்க போங்க. பிரின்டர் ரிப்பேரா இருக்கும்."

"அங்க எங்க தங்குவ?"

"ரூம் போட்டுட்டேன்."

"காசு குடுத்தா?" அவர் குரல் உடைந்தது. எழுதும்போது எனக்கே பாவமாக இருந்தது.

"காசு குடுத்துதான். காலை டிபன் சேத்து. புது கஸ்டமர்னு இருபது பர்சன்ட் தள்ளுபடி குடுத்தான். ஞாயித்துக்கிழமை காலையில அங்கேர்ந்து இங்க பஸ் இருக்கு, ஆறு மணி நேரம். சாயங்காலம் நம்ம ஃப்ளைட்டுக்கு வந்துடுவேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா இன்னும் கம்மியா கிடைக்குதான்னு பாத்துக்கிட்டே இருந்திருப்பீங்க. ரூம் போயிருக்கும்."

அது உண்மை. அவர் அப்படித்தான் செய்திருப்பார்.

"பத்தொன்பது வருஷமா யார் வீட்டுலயோதான் லீவு போகுது எனக்கு," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த நோயாளிக்கு நேரம் சொல்கிற குரல். "நாலு நாள் நான் எந்த வெங்காயத்தையும் பாக்க வேணாம்."

எதிரே, ஆட்களைச் சுமந்து போகும் நகரும் பாதை. அதில் ஏறி நின்றாள். அது அவளை மெதுவாகக் கொண்டுபோக ஆரம்பித்தது. போய்க்கொண்டே சொன்னாள்:

"ஒருத்தர் தங்கினாலும் ரெண்டு பேர் தங்கினாலும் அந்த ரூமுக்கு ஒரே வாடகைதான்."

8

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

முதல் முடிவு: ஆஃபர் இடது பக்கம் போகிறார். சோபாவில் உட்கார்கிறார். "அக்கா எங்க?" என்கிறாள் தம்பி மனைவி. "அவளுக்கு ஆஸ்பத்திரியில லீவு கிடைக்கல," என்கிறார். நாலு நாளும் அவரே வெங்காயம் நறுக்குகிறார். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அவர்மேல் எனக்கிருந்த கோபம் வரிக்கு வரி தெரிந்தது. கிழித்தேன்.

இரண்டாவது முடிவு: ஓடிப்போய் அவள் கையைப் பிடிக்கிறார். அடுத்த விமானத்தில் பக்கத்துப் பக்கத்து சீட். ஆற்றோரம், பெஞ்ச், சாய்ந்த வெயில், இருவரும்... படித்துப் பார்த்தால் இன்சூரன்ஸ் விளம்பரம் மாதிரி இருந்தது.

மூன்றாவது: போகிறார், ஆனால் வாடகை கொடுத்த அறையில் பாதி வீணாகக் கூடாதே என்று போகிறார். இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவர் கால் வலது பக்கம் திரும்பும்போது அது சிக்கனமா ஆசையா என்று அருகில் போய்ப் பார்த்தேன். தெரியவில்லை. அவருக்குள் இரண்டும் ஒரே மெஷினில்தான் ஓடுகின்றன.

(அவளுக்குக் கண்ணாடி மாற்றியபோது மட்டும் அவர் விலை கேட்கவில்லை என்று நடுவில் ஒரு வரி சேர்த்திருந்தேன். எடுத்துவிட்டேன். அவரை நல்லவராகக் காட்ட நான் உங்களுக்குக் கொடுக்கும் லஞ்சம் அது.)

அவள் திரும்பிப் பார்த்தாள் என்று எழுதி அடித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதி அதையும் அடித்தேன். அவள் போய்விடுவாள், அது மட்டும் உறுதி. அதில் நானோ நீங்களோ செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆறும் பெஞ்சும் அவளுக்கு உண்டு. மீதி இருப்பது ஆஃபர் மட்டும்தான். மூன்று சட்டையோடு, நகரும் பாதையின் வாயில், பின்னால் வருகிறவர்களுக்கு வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார்.

போன் அடிக்கிறது.

"அண்ணா, எறங்கிட்டீங்களா? ஃப்ளைட் வந்து அரை மணி நேரமாச்சு. நான் பார்க்கிங்ல நிக்கிறேன். இன்னும் நாலு நிமிஷத்துல வண்டிய வெளிய எடுக்கலைன்னா இன்னொரு மணி நேரத்துக்குக் காசு புடுங்குவான். ரெண்டு பேரும் எங்க இருக்கீங்க?"

ஆஃபர் நகரும் பாதையைப் பார்க்கிறார். தொண்டையைச் செருமுகிறார். "வந்து..." என்கிறார்.

அடுத்த வார்த்தையை நீங்கள் எழுதுங்கள். நான் ஆறு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன், ஆறும் என் குரலில் இருக்கின்றன, அவர் குரலில் இல்லை. ஆனால் என்னை மாதிரி மூன்று நாள் எடுத்துக்கொள்ளாதீர்கள். தம்பிக்கு நாலே நிமிஷம்தான் இருக்கிறது.