கலிங்குச் சுவர்

"நோவாவின் காலத்து ஜனங்களுக்குச் செய்ததைத்தான் ஆண்டவர் நமக்கும் செய்தார்" என்று உபதேசியார் ஆசீர்வாதம் பிரசங்கத்தில் சொன்னதும், கோயிலின் மண் தரையில் உட்கார்ந்திருந்த மாரக்காள் எழுந்து நின்றாள்.

அவளுக்கு முன்னால் கோரைப் பாய்களில் நான்கு பேர் பிணமாகக் கிடந்தார்கள். செல்லாயி, அவளுடைய மகளும் கைக்குழந்தையும், ஓரத்தில் மாரக்காளின் புருஷன் பொன்னன். முந்தின நாள் ஏரி உடைந்து வந்த வெள்ளம் கரைக்குக் கீழே இருந்த அவர்கள் தெருவை அப்படியே வழித்துக்கொண்டு போயிருந்தது. மேட்டில் இருந்த ஓட்டுக்கோயில் மட்டும் மிஞ்சியது. பொன்னனின் காதிலிருந்து மாரக்காள் முந்தானையைத் திரித்துத் திரித்துச் சேற்றை எடுத்திருந்தாள். இன்னும் வந்துகொண்டே இருந்தது.

"ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் கரைமேல் இருக்கிற கன்னிமாருக்குத் தேங்காய் உடைத்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள். கர்த்தர் எவ்வளவு காலம் பொறுப்பார்?"

"நிறுத்துங்க ஐயா" என்றாள் மாரக்காள். "தேங்கா ஒடச்சது நானுங்க. அவரு பக்கத்துல நின்னாரு, அவ்வளவுதான். தண்டிக்கோணும்னா என்னையில்லீங்க தண்டிச்சிருக்கோணும்? உங்க ஆண்டவருக்கு ஆளடையாளம் தெரியாதுங்களா?"

பின்னாலிருந்து யாரோ அவள் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டாள்.

"செல்லாயி புள்ளைக்குப் பல்லே மொளைக்கலைங்க. அது எந்தக் கன்னிமாருக்கு என்னத்தை ஒடச்சுது?"

உபதேசியார் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். கெட்டவர் அல்ல, வெள்ளம் வடியுமுன்னே இடுப்பளவுச் சேற்றில் இறங்கி அந்தக் குழந்தையைத் தூக்கி வந்தவர் அவர்தான். ஆனால் இத்தனை பெரிய சாவுக்கு ஒரு காரணம் சொல்லாமல் ஜெபம் பண்ண அவருக்கு வரவில்லை. கைக்கு எட்டியதைச் சொன்னார்.

"மார்த்தா, துக்கத்துல பேசுற. உட்காரு" என்றார். அது அவளுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். அவரைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. "கடைசி நாளில் எக்காளம் தொனிக்கும்போது பொன்னன் எழுந்திருப்பான். இதே உடம்போட எழுந்திருப்பான். அதை நெனச்சு மனசத் தேத்திக்க."

"எந்திரிக்கட்டுங்க. எந்திரிச்சதும் மொதல்ல என்ன கேப்பாரு தெரியுங்களா? கரை என்னத்துக்கு ஒடஞ்சுதுன்னு கேப்பாரு. தேங்காயினாலன்னு சொல்லட்டுங்களா? என்ற மூஞ்சியிலயே துப்புவாரு."

கரை எதற்கு உடைந்தது என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஏரிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மதகு, வயலுக்கு வேண்டும்போது திறந்து, போதும் என்கிறபோது அடைப்பது. மற்றது கலிங்கு. அதைத் திறக்க ஆளே வேண்டாம். கரையின் ஒரு கோடியில், கரையைவிட ஒரு ஆள் உயரம் தாழ்வாகக் கட்டிய கல் அணை அது. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் தானாகவே அதன்மேல் வழிந்து ஓடையில் இறங்கிவிடும். கல் என்பதால் எவ்வளவு வழிந்தாலும் அரிக்காது. கரையோ வெறும் மண். தண்ணீர் அதன்மேல் சாய்ந்து நிற்கலாம், ஏறித் தாண்டக்கூடாது. தாண்டினால் பின்புறச் சரிவின் அடியிலிருந்து அரிப்பு தொடங்கும். கீழே ஒரு குழி விழும், குழிக்கு மேலே இருப்பது சரியும், அந்தச் சரிவில் இன்னும் அதிகத் தண்ணீர் பாயும். அதன்பிறகு தடுக்க யாராலும் ஆகாது. ஆகவே ஏரியைக் கட்டிய பழைய மனிதர்களின் புத்தியெல்லாம் அந்தக் கலிங்கின் உயரத்தில்தான் இருந்தது.

அவர்கள் கலிங்கின்மேல் வரிசையாகச் சில கற்களை நட்டும் வைத்திருந்தார்கள். மழைக்காலம் முடிந்த பிறகு, கற்களுக்கு நடுவே புல்லும் மண்ணும் அடைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிக்கொள்வது வழக்கம். அடுத்த மழைக்கு முன் அந்த அடைப்பை எடுத்துவிட வேண்டும். மறந்தாலும் வெள்ளமே அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அதற்காகத்தான் புல்லும் மண்ணும்.

நிலத்துக்காரர் அப்புசாமிப் பண்ணாடி அந்தக் கோடையில் புல்லுக்குப் பதில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துச் சுவராகவே கட்டிவிட்டார். நாமகிரிப்பேட்டைச் சந்தையில் மஞ்சள் நல்ல விலைக்குப் போனது. மஞ்சளுக்குப் பத்து மாதத் தண்ணீர் வேண்டும். ஐப்பசி மழை வந்து ஏரி நிறைந்தபோது, பொன்னன் பண்ணையின் காரியக்காரன் சின்னண்ணனிடம் போய், சுவரில் இரண்டு கல்லுக்கு இடைப்பட்ட ஒரு கண்ணையாவது திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சினான். "ஏரியில தண்ணி நின்னா உனக்கு ஏண்டா வவுறு எரியுது?" என்று கேட்டுச் சின்னண்ணன் சிரித்தான். கலிங்கில் போகவேண்டிய தண்ணீர் கரையைத் தாண்டியது.

மாரக்காள் கோயிலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோதே சின்னண்ணன் வந்துவிட்டான். உள்ளே வராமல் வாசலிலிருந்தே குரல் கொடுத்தான்.

"பொதச்சு முடிச்சதும் ஆம்பளைங்க பூராவும் கடப்பாரையோட கலிங்குக்கு வந்தரோணும். அந்தச் செங்கச் சுவத்தைப் பொழுதுக்குள்ள எடுத்தறோணும்னு பண்ணாடி உத்தரவு. தாலுகாவுல இருந்து இன்ஸ்பெட்டர் பாக்க வாராரு."

ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாட்டேன் என்று ஒருவனும் சொல்லவில்லை. உபதேசியார் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தார்.

மாரக்காள் பொன்னனின் நெற்றியை ஒருமுறை தொட்டாள். பிறகு பாய்களைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். அழத்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் உடைந்த கரையின்மேல் ஏறி நடந்தாள். வற்றிப்போன ஏரியில் மீன்களைக் கொக்குகள் கொத்திக்கொண்டிருந்தன. கலிங்கை அடைந்ததும் செங்கல் சுவரின்மேல் கால்களை இரண்டு பக்கமும் போட்டு, எருமைமேல் உட்காருவதுபோல் உட்கார்ந்துகொண்டாள்.

சற்றுப் பொறுத்துப் பண்ணாடி குடையோடு வந்தார். கூடவே சின்னண்ணனும் பண்ணை ஆட்கள் இரண்டு பேரும்.

"ஏ மாரக்கா, புருசனைப் பொதைக்கப் போகாம இங்க என்ன புள்ளே பண்ற?"

"காவல் இருக்கறனுங்க."

"எதுக்கு?"

"உங்க சுவத்துக்குத்தானுங்க. யாராச்சும் இடிச்சுப்போட்டா?"

பண்ணாடிக்கு முகம் கறுத்தது. ஆனாலும் குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாரு புள்ளே. தெய்வம் செஞ்சதுக்கு மனுசன் என்ன பண்ண முடியும்? உங்க உபதேசியாரே இது சாமி குடுத்த தண்டனைன்னு சொல்லீட்டாராமா. படிச்சவரு சொன்னா நீயும் கேட்டுக்கோணும்."

மாரக்காளுக்கு உடம்பு முழுவதும் பற்றி எரிந்தது. வாயிலிருந்து வந்தது சிரிப்புத்தான். அரைமணி நேரத்துக்கு முன் சொன்ன பிரசங்கம், அதற்குள் பண்ணாடியின் குடைக்குக் கீழே வந்து நின்றுவிட்டது.

"இன்ஸ்பெட்டர்கிட்டயும் அதையே சொல்லப்போறீங்களாக்கும்?"

"நீ குடியிருக்கற எடம் யாருதுன்னு நெனப்பிருக்குதா?"

"எடம் உங்களதுதானுங்க. ஊடுதான் இல்லீங்க. அதை உங்க தண்ணியே கொண்டுக்கிட்டுப் போயிருச்சு. இனி எதைப் புடுங்குவீங்க?"

"அவளைத் தூக்கி அக்கட்டால போடுங்கடா" என்றார் பண்ணாடி. ஒருவரும் நகரவில்லை. அவர்கள் அவளைத் தொடமாட்டார்கள். அவள் தெரு ஆட்களைத் தொட்டால் தீட்டு என்பதற்காகத்தான் அந்தத் தெருவை ஏரிக்குக் கீழே பள்ளத்தில் வைத்திருந்தார்கள். அதிலும் இன்று சாவு வீட்டுக்காரி. ஆட்கள் பண்ணாடியைப் பார்த்தார்கள். பண்ணாடி குடைக்காம்பைப் பார்த்தார். அவளைத் தூக்குவதென்றால் அவளுடைய ஆட்களே வந்து தூக்கவேண்டும்.

"சின்னண்ணா, போயி உபதேசியாரைக் கூட்டியா. அவ சனத்துல நாலு பேரோட வரச்சொல்லு."

உபதேசியார் வெள்ளை அங்கியோடு வந்தார். பின்னால் கடப்பாரைகளோடு நான்கு பேர். குழி வெட்டிக்கொண்டிருந்தவர்கள், கையெல்லாம் சிவப்பு மண்.

"மார்த்தா, குழி ஆயிடுச்சு. உடம்புங்க தாங்காது, உனக்கே தெரியும். உனக்காக எல்லாரும் நிக்கிறாங்க. வா."

"நீங்க பொதச்சிருங்க ஐயா."

"புருசன் அடக்கத்துக்குப் பெண்டாட்டி இல்லாமலா? கடைசியா ஒருதரம் முகத்தைப் பாக்க வேண்டாமா?"

"கடைசிங்கறீங்களே, கோயில்ல அப்படிச் சொல்லலீங்களே நீங்க!" அவள் குரல் ஏரி முழுக்கக் கேட்டது. கொக்குகள் எழும்பின. "எந்திரிச்சு வருவாரு, இதே ஒடம்போட வருவாருன்னு நீங்கதான சொன்னீங்க? நான் அதை நம்பறனுங்க. நம்பறதுனாலதான் இங்க உக்காந்திருக்கேன். அவரு மொகத்தை நான் இன்னொருக்காப் பாத்துக்குவேன். இந்தச் சுவத்தை இன்னிக்கு இடிச்சா இடிச்சதுதான். எக்காளம் ஊதினா இது எந்திரிச்சு வருமுங்களா?"

உபதேசியார் படித்த பள்ளியில் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பல கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கடலில் மூழ்கியவன் எப்படி எழுவான், மிருகம் தின்றவன் எப்படி எழுவான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் அந்த நம்பிக்கையைத் துக்கத்தின்மேல் தடவும் தைலமாகவே அவர் இதுவரை கையாண்டிருந்தார். அதன்மேல் இப்படிக் காலைப் போட்டு ஒருத்தி உட்காருவாள் என்று அவர் எண்ணியதே இல்லை.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? தூக்கச் சொல்லுங்க" என்றார் பண்ணாடி.

உபதேசியார் அந்த நான்கு பேரிடமும் திரும்பினார்.

"குழி இன்னும் ஆழம் போதாது. திரும்பிப் போய் வெட்டுங்க. கடப்பாரை இன்னிக்கு அதுக்கு மட்டுந்தான்."

அவர்கள் போனார்கள். உபதேசியார் பண்ணாடியின் முகத்தைப் பார்க்காமலே அவர்கள் பின்னால் நடந்தார்.

கோயில் மேட்டிலிருந்து அடக்கப் பாட்டு எழுந்தபோது மாரக்காள் சுவரிலேயே உட்கார்ந்து கேட்டாள். பாட்டு நின்ற இடத்தில்தான் பொன்னனை இறக்குகிறார்கள் என்று தெரிந்தது. செங்கல்லை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டாள். எதிரே குடை நிழலில் பண்ணாடி நகராமல் நின்றார். அவள் அழுவதைப் பார்க்க அவருக்குக் கொடுப்பினை இல்லை.

வெயில் சாயும்போது இன்ஸ்பெக்டர் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். மழைக்காலத்து அலைச்சலில் சலித்துப்போன மனிதர்.

"தெய்வக் குத்தமுங்க, எசமான். இப்படி ஒரு மழையை எங்க தாத்தா காலத்துலகூடக் கண்டதில்லை" என்றார் பண்ணாடி.

"இந்தச் சுவர்?"

"அது பழசுங்க."

இன்ஸ்பெக்டர் காரையை நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக உதிர்ந்தது. சுவரின் தலைப்புக்கும் கரையின் தலைப்புக்கும் உள்ள உயரத்தை டேப்பால் அளந்தார். ஒரு முழங்கூட இல்லை. "நீ யாரம்மா?" என்று கேட்டார்.

"செத்தவரோட பெண்டாட்டிங்க. அந்தக் காரையைக் குழைச்சவளும் நாந்தானுங்க. போன சித்திரையில இவங்க கூலிக்குக் கூப்பிட்டாங்க, வந்து குழைச்சேன். தெய்வம் வந்து குழைக்கலீங்க."

அவர் எழுதிக்கொண்டார். பண்ணாடி ஏதோ சொல்ல வந்தபோது, எழுதி முடியும்வரை பேசவேண்டாம் என்று கையைக் காட்டினார். பிற்பாடு, மார்கழிக்குள் சுவரை எடுக்கும்படி தாலுகாவிலிருந்து உத்தரவு வந்தது. செத்த நான்கு பேருக்காகப் பண்ணாடி யாருக்கும் பதில் சொல்லவேண்டி வரவில்லை.

அன்று இன்ஸ்பெக்டரின் வண்டி போன பிறகே மாரக்காள் இறங்கினாள். கால்கள் மரத்திருந்தன. கோயில் மேட்டில் நான்கு மண்மேடுகள். பொன்னனுடையது எது என்று அவளுக்குத் தெரியவில்லை. அங்கே தனியாக உட்கார்ந்திருந்த உபதேசியார் எழுந்து காட்டினார்.

"மார்த்தா, காலையில நான் சொன்னது..."

"உங்ககிட்ட எனக்குப் பேச்சில்லைங்க" என்றாள். பிறகு ஈர மண்ணில் கையை ஊன்றி உட்கார்ந்து, தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள். பொன்னனிடம் பேசப்போகிறாள் என்று உபதேசியார் நினைத்தார்.

"சுவத்தை வெச்சது அவன். அந்தப் பழியை உன்ற தலையில போட நான் விடலை. ஆனா மழை உன்றது. சுவரு இருக்கறதும் உனக்குத் தெரியும், கீழ நாங்க கெடக்கறதும் தெரியும். தெரிஞ்சுதான ஊத்துன?"

உபதேசியார் ஒரு அடி முன்னால் வந்தார். அவள் திரும்பாமலே கையை நீட்டித் தடுத்தாள்.

"நீங்க பதில் சொல்லாதீங்க. ஆண்டவருதான் சொல்லோணும். எல்லாரும் எந்திரிக்கற அன்னிக்கு அவரும் அங்க வந்துதான ஆகோணும்? அப்பக் கேட்டுக்கறேன்."