துருவில் எழும் விரல்கள்

மெருகேற்றிய எஃகை வேர்த்த கையால் தொட்டால் அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் விரலடையாளம் துருவாக எழுந்து நிற்கும். அதனால் மதுக்கரைப் பக்கத்து அந்த மோட்டார் ஷாஃப்ட் கம்பெனியில், இன்ஸ்பெக்‌ஷன் அறைக்குக் கை வறண்ட ஆட்களாகப் பார்த்து எடுப்பார்கள். கிருபாசங்கருக்குச் சித்திரை வெயிலிலும் உள்ளங்கை காகிதம் மாதிரி காய்ந்திருக்கும்.

வேர்க்கிற கை மோகனப்பிரியாவுடையது. எதிர் மேசையில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். ஷாஃப்டில் துரு விழுந்தபோது, வெர்னியர் வைத்து விரலடையாளத்தை அளந்து, 'மோதிர விரல், பதினொன்று புள்ளி இரண்டு மில்லி, குறுக்கே வெட்டுத் தழும்பு' என்று ரிப்போர்ட் எழுதி அவளை மாட்டிவிட்டவன் அவன்தான். அவள் சண்டை போடவில்லை. கையைச் சரிசெய்துகொண்டாள். அடுத்த வருஷம் அவனையே கல்யாணமும் செய்துகொண்டாள்.

ஜனவரியில் நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அவன் அழவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் வேலைக்கு வந்தான்.

ஜூனில் அவன் கை வேர்க்க ஆரம்பித்தது.

புதிதாக இப்படி வேர்த்தால் முதலில் இரத்தம் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். தைராய்டு, சர்க்கரை எல்லாம் சரியாக இருந்தன. கை மட்டும் சொட்டியது.

"ஏனுங் மாப்ள, உள்ளங்கைல போர் போட்டு வெச்சிருக்கீங்ளா?" பேக்கிங்கில் இருக்கும் அமீர் ஹம்சா கேட்டான். "எங்கூட்டுக்கு ஒரு கனெக்‌ஷன் குடுங்க. குழாயில தண்ணி வந்து பன்னெண்டு நாளாச்சு."

சூப்பர்வைசர் பாலகோபால் சிரிக்கவில்லை. துருப்பிடித்த நாலு ஷாஃப்டை மேசையில் வைத்தார்.

"சங்கரு, சனிக்கெழம கஸ்டமர் ஆடிட். அதுக்குள்ள கையச் சரி பண்ணிப்போடு கண்ணு. இல்லீன்னா உன்னைய ஸ்டோர்ஸுக்குத்தான் மாத்தோணும்."

அவர் போனபின் கிருபாசங்கர் ஒரு ஷாஃப்டை ஜன்னலோரம் கொண்டுபோனான். துருவில் ஐந்து விரல்கள். மோதிர விரலின் குறுக்கே மெல்லிய கோடு. அவன் விரலில் தழும்பு கிடையாது. வெர்னியரை வைத்தான்.

பதினொன்று புள்ளி இரண்டு.

தன் விரலை எஃகில் அழுத்தி, விழுந்த ஈரத்தை அளந்தான். பதினான்கு. துருவை மறுபடி அளந்தான். எதையும் மூன்று முறை அளப்பது அவன் வழக்கம். மூன்று முறையும் அதே அளவுதான் வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை.

அவளுடைய லாக்கர் கதவின் உள்பக்கம், அவள் எழுதி ஒட்டிய தாள் அப்படியே இருந்தது. கை பட்ட இடமெல்லாம் மை கலங்கியிருந்தது. டீத்தூளை நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறியதும் இருபது நிமிஷம் கையை ஊறவைக்கணும். வேர்வையை அடக்கும் ரோல்-ஆனைக் காலையில் பூசிப் பிரயோஜனமில்லை; படுக்கும்போது, கை நன்றாகக் காய்ந்தபின் பூசணும். பருத்திக் கையுறை மூன்று ஜோடி, நனைந்ததும் மாற்றணும். காப்பி ஒன்றோடு சரி. காரம் வேண்டாம். கடைசி வரி: பயந்தால் இன்னும் வேர்க்கும்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தான். முன்பு அவள் இரண்டு கையையும் டீத்தண்ணீரில் அமிழ்த்தி உட்கார்ந்திருக்கும்போது, அவன்தான் முறுக்கை ஒடித்து அவள் வாயில் போடுவான். "மூக்கு அரிக்குதுங்க, செத்த சொறிஞ்சு உடுங்க" என்பாள். இப்போது அவனுக்கு மூக்கு அரித்தது. பொறுத்துக்கொண்டான். யாரோ சொறிந்துவிட்டது போலச் சட்டென்று அரிப்பு நின்றது.

கை காயக் காய, துருவும் குறைந்தது. திங்கட்கிழமை ஐந்து விரல். புதன்கிழமை மூன்று. வெள்ளிக்கிழமை காலையில் ஒன்றே ஒன்று, தழும்போடு, வெளிறிப்போய்.

"பாத்தியா, சரியாயிருச்சு!" பாலகோபால் தோளில் தட்டினார். "அந்தப் புள்ள எழுதி வெச்சது வீண்போகுலீ."

சாயங்காலம் ஆடிட்டுக்கான மாதிரி ஷாஃப்டைத் துடைத்து, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டியது அவன் வேலை. அளந்து பார்ப்பார்கள் என்பதால் எண்ணெய் பூசக்கூடாது. நாளைக்கு அது சுத்தமாக இருந்தால் இந்த நாற்காலி அவனுக்கு நிற்கும். அவளுடைய அந்தக் கடைசி விரல் இருக்காது.

கையுறையைக் கழற்றினான். ஷாஃப்டை வெறும் கையால் பிடித்தான். கை வறண்டிருந்தது. வேர்க்கவில்லை.

தாளின் கடைசி வரி நினைவுக்கு வந்தது. பயப்பட ஏதாவது வேண்டும். இத்தனை மாதமாகத் திரும்பிப் பார்க்காத அந்த நாலாம் நாளை நினைத்தான். ஆஸ்பத்திரி நர்ஸ் உடலை ஒப்படைக்கும் காகிதத்தை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார்" என்றாள். போட்டான். மை கலங்கவில்லை. அழகான கையெழுத்து.

உள்ளங்கையில் ஈரம் பொங்கியது. ஒரு நிமிஷம் பிடித்திருந்தான். உள்ளே வைத்துப் பூட்டினான். சாவி அவன் பையில் இருந்தது.

சனிக்கிழமை காலையில் பாலகோபால் முன்னால் அலமாரியைத் திறந்தான்.

ஷாஃப்டைச் சுற்றி அவனுடைய ஐந்து விரல்கள் சிவப்பாக எழுந்திருந்தன. அவற்றின் இடைவெளிகளில், குறுகலாக, இன்னும் நாலு. ஒன்றில் தழும்பு. இரண்டு கைகள் விரல் கோத்திருந்தன.

பாலகோபால் குனிந்து பார்த்தார்.

"சாவி உங்கிட்டத்தான இருந்துச்சு? இது... யாரு கை?"

வெர்னியர் சட்டைப் பையில் இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

"ரெண்டும் என்னோடதுங்க. நான் ஸ்டோர்ஸுக்கே போயிக்கறனுங்க. இத மட்டும் தேய்க்கச் சொல்லாதீங்க."

பாலகோபால் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "எடுத்துட்டுப் போயிரு கண்ணு. இங்க வெக்காத."

ஏசி அறையில் ராத்திரி முழுக்கக் கிடந்த எஃகு. கிருபாசங்கர் அதைக் கையில் எடுத்தான். விரல்கள் கோத்திருந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.