முக்கோணம் தையலகம்

அப்பா போன பிறகு வீட்டை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு தெருக்கள் கூடும் முக்கில் இருந்த மனை அது. அண்ணன்கள் இருவரும் ஆளுக்கொரு நாற்கோணத்தை எடுத்துக்கொண்டு, மிச்சம் விழுந்த கூர்முனையைத் தங்கை தலையில் கட்டினார்கள். பத்திரம் எழுதியவர் "முக்கோண வடிவ மனை" என்று வாசித்ததும் பெரிய அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அன்றிலிருந்து தங்கைக்கு அதுவே பெயர். தெருவில் நடந்தால் "முக்கோணம் போகுது பாரு" என்பார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்குள் வந்தால் அதற்கு மேல். பீரோவை மூலைக்குத் தள்ளினால் பின்னால் பூனை குட்டி போடும் அளவுக்கு இடம் வீணானது. கட்டில் நுழையவே மாட்டேன் என்றது. அவளும் விடுகிற ரகம் இல்லை. தையல் மெஷினை முனையில் போட்டு, இரண்டு தெருவுக்கும் ஜன்னல் வைத்தாள். எந்தத் தெருவில் போகிறவரும் அவள் தொங்கவிட்ட சட்டைகளைப் பார்க்காமல் போக முடியாது.

போன மாதம் எதிரே பஸ் நிறுத்தம் வந்தது. கூடவே பெரிய அண்ணனுக்குப் பாசமும் வந்தது.

ஒருநாள் பெயின்டர் ஏணியில் நின்று கடை போர்டுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். அண்ணனும் அண்ணியும் சிரித்த முகமாக வந்தார்கள்.

"இந்த இடுக்குல எவ்வளவு நாள்மா கிடப்பே? பின்னாடி என் பங்குல சதுரமா ஒரு ரூம் தர்றேன். இதை எனக்கு விட்டுடு."

"எனக்கே காது குத்துறியாண்ணே?"

அண்ணன் முகம் சுண்டிப்போனது.

"அக்கா, என்ன பேரு எழுதட்டும்?" என்றார் பெயின்டர்.

"முக்கோணம் தையலகம். நல்லா பெரிசா எழுதுங்க."

"ஐயோ, மானம் போகுது!" அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அது உன்னைக் கேலி பண்ணி வச்ச பேருடி," என்றான் அண்ணன். "அதுக்கு அர்த்தமாவது தெரியுமா?"

அவள் கோபத்தோடு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"தெரியும்ணே. மூணு பக்கம். ரெண்டு பக்கம் தெருவைப் பார்க்குது. மூணாவது பக்கம் உன் சுவர். அதுல மட்டும் நான் ஜன்னல் வைக்கல."

மெஷினில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தாள்.